அளவீட்டில் சந்தேகம் எழும்போது எங்கே பார்ப்பது: அறிகுறி வழியே பிழைதேடல்

சோதனையின் விடை புத்தகத்தில் அச்சிட்ட மதிப்போடு ஒத்துப்போனால் அளவீடு நல்லது என்றும், ஒத்துப்போகாவிட்டால் எங்கோ தவறு என்றும் முடிவுகட்டுவது பயிற்சி ஆய்வகங்களில் வேரூன்றிய பழக்கம். அச்சிட்ட மதிப்பே இல்லாத ஒன்றை அளக்கப் புகும் நாளில் இந்தப் பழக்கம் கைகொடுக்காது. இரண்டு பிழைகள் ஒன்றையொன்று ஈடுசெய்து சரியான விடையைத் தந்துவிட்டால், இப்பழக்கம் அவ்விரண்டையும் மறைத்தும்விடும். ஆகவே கீழே உள்ள வழிமுறை விடையைப் பார்ப்பதற்கு முன் எண்களின் நடத்தையைப் பார்க்கிறது. அவை சிதறுகின்றனவா, ஒரு பக்கமாக நகர்கின்றனவா, அசையாமல் நிற்கின்றனவா, ஒன்றோடொன்று முரண்படுகின்றனவா என்பதிலிருந்தே தேட வேண்டிய இடம் பெரும்பாலும் தெரிந்துவிடும்.

இரண்டு சொற்களை மட்டும் முதலில் பிரித்துக்கொள்வோம். ஒரே அளவைத் திரும்பத் திரும்ப எடுக்கும்போது கிடைக்கும் எண்கள் தமக்குள் எவ்வளவு நெருங்கி நிற்கின்றன என்பது நுட்பம். அவை உண்மை மதிப்பை எவ்வளவு நெருங்குகின்றன என்பது துல்லியத்தன்மை. நுட்பக் குறைவை எண்களின் சிதறலே காட்டிக்கொடுத்துவிடும். துல்லியக் குறைவு அப்படித் தானாக வெளிப்படாது. அதற்காக நாமே ஒரு சோதனையை அமைத்தாக வேண்டும்.

தொடங்குமுன்

அளக்கும் பொருளை ஒவ்வொரு முறையும் கருவியிலிருந்து எடுத்து, மீண்டும் வைத்து, பத்து அளவீடுகள் எடுங்கள். எடுக்காமல் வைத்தபடியே பத்து முறை படித்தால், படிப்பதில் உள்ள சிதறல் மட்டும் தெரியும். பொருளை வைப்பதில் உள்ள சிதறல் தெரியாது. எண்களை எடுத்த வரிசையிலேயே, நேரத்தோடு எழுதுங்கள். பின்னால் சொல்லப்படும் அறிகுறிகளில் பாதி, வரிசை தெரிந்தால்தான் புலப்படும். தவறென்று தோன்றும் எண்ணை அழிக்காமல் ஒற்றைக் கோடிட்டு, காரணத்தை அருகில் குறியுங்கள். தனித்தாளில் கிறுக்கி, பிறகு பதிவேட்டில் அழகாகப் படியெடுப்பது நேர்த்தியாகத் தோன்றலாம். ஆனால் சந்தேகத்துக்குரிய எண்கள் காணாமல் போவது பெரும்பாலும் அந்தப் படியெடுப்பில்தான்.

அறிகுறி: அளவீடுகள் பரவலாகச் சிதறுகின்றன

மேலும் கீழுமாக, எந்த ஒழுங்கும் இன்றி எண்கள் பரவினால் அது ஒழுங்கற்ற பிழை. இதில் முதலில் விடை காண வேண்டிய கேள்வி, சிதறுவது கருவியா, அளப்பவரா, பொருளா என்பது. மாறாத ஒரு பொருளை, எடுத்துக்காட்டாக ஓர் எஃகு அளவுக்கட்டையை, அதே கருவியால் அதே பத்து முறை அளந்து பாருங்கள். அங்கே சிதறல் மிகக் குறைந்தால் கருவியும் கையும் குற்றமற்றவை. உங்கள் பொருளே இடத்துக்கு இடம் மாறுகிறது என்று பொருள். திருகு அளவியால் ஒரு கம்பியின் விட்டத்தைப் பல இடங்களில் அளக்கும்போது கிடைக்கும் வேறுபாடு பெரும்பாலும் இந்த வகையைச் சேர்ந்தது. அது பிழையே அன்று. கம்பியைப் பற்றிய தகவல்.

சிதறல் அளப்பவரிடமிருந்து வருவதென்றால், அளவீடுகளைப் பெருக்குவதற்கு முன் அளக்கும் முறையை மாற்ற முடியுமா என்று பாருங்கள். ஒரு மீட்டர் நீளமுள்ள தனி ஊசலின் அலைவு நேரம் சுமார் 2 நொடி. ஸ்டாப்வாட்ச்சை அழுத்தும் விரல் 0.1 நொடி முன்பின்னாக இருந்தால், ஓர் அலைவை மட்டும் அளப்பவருக்கு நேரத்தில் 5 சதவீதப் பிழை நேரும்; புவியீர்ப்பு முடுக்கத்தைக் கணக்கிட அலைவு நேரத்தை வர்க்கப்படுத்துவதால் அது 10 சதவீதமாக வளரும். 50 அலைவுகளைச் சேர்த்து அளந்தால் அதே விரல், அதே 0.1 நொடி, ஆனால் மொத்த நேரம் 100 நொடி. முடுக்கத்தில் பிழை 0.2 சதவீதத்துக்கு இறங்கிவிடுகிறது. எண்ணத் தொடங்கும் இடமும் முக்கியம். குண்டு மிக வேகமாகக் கடக்கும் தாழ்நிலையில் ஓர் அடையாளம் வைத்து எண்ணுங்கள். கோடியில் அது ஏறக்குறைய நின்றுவிடுவதால் எந்தக் கணம் திரும்பியது என்று கண்ணால் சொல்ல முடியாது. முதல் கடப்பைச் சுழியம் என்று எண்ண வேண்டும். ஒன்று என்று எண்ணித் தொடங்குபவர்கள் 49 அலைவுகளை அளந்துவிட்டு 50 ஆல் வகுக்கிறார்கள். அந்தப் பிழை சிதறலாகத் தெரியாது என்பதால் அடுத்த பகுதிகளில் சொல்லப்படும் எந்தச் சராசரியாலும் நீங்காது.

முறையை மாற்ற வழியில்லை என்றால்தான் எண்ணிக்கையைக் கூட்ட வேண்டும். சராசரியின் நிச்சயமின்மை, திட்ட விலக்கத்தை (எண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறுகின்றன என்பதன் அளவை) அளவீடுகளின் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் வகுத்தால் கிடைப்பது. நான்கு மடங்கு அளவீடுகள் எடுத்தால் அது பாதியாகும். பத்தில் ஒன்றாக்க நூறு மடங்கு உழைக்க வேண்டும். பத்திலிருந்து ஆயிரத்துக்குப் போவதைவிட, ஒரு மாலை நேரத்தை மேசையின் அதிர்வைத் தணிப்பதில் செலவிடுவது நல்லது என்பது என் கருத்து.

அறிகுறி: பத்து முறையும் ஒரே எண்

இதைக் கண்டு மகிழ்பவர்கள் பலர். நான் இங்கேதான் முதலில் ஐயப்படுவேன். பத்து எண்களும் ஒன்றாக இருந்தால் பிழை சுழியம் என்று ஆகாது; உங்கள் கருவியின் மீச்சிற்றளவு, அதாவது அது காட்டக்கூடிய மிகச் சிறிய படி, உள்ளே நடக்கும் சிதறலைவிடப் பெரியது என்று மட்டுமே ஆகும். 0.01 மி.மீ. படியுள்ள திருகு அளவி எப்போதும் 2.34 என்றே காட்டினால், உண்மை மதிப்பு 2.335க்கும் 2.345க்கும் இடையில் எங்கும் இருக்கலாம். அந்த இடைவெளிக்குள் எல்லா மதிப்பும் சம வாய்ப்புள்ளவை என்று கொண்டால், படியின் பாதியை மூன்றின் வர்க்கமூலத்தால் வகுத்துக் கிடைக்கும் 0.003 மி.மீ. அதன் திட்ட நிச்சயமின்மை. மீண்டும் மீண்டும் அளப்பதால் இது குறையாது.

அடுத்து, கருவி உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். திரையில் எண்ணை நிறுத்திவைக்கும் பொத்தான் அழுந்தியிருக்கலாம்; முள் சிக்கியிருக்கலாம்; உணரி தன் எல்லையைத் தொட்டு அங்கேயே தங்கியிருக்கலாம். தெரிந்த ஒரு சிறு மாற்றத்தைக் கொடுத்து, அதற்கேற்ப எண் மாறுகிறதா என்று பார்ப்பது ஒரு நிமிட வேலை. மாற்றத்தைக் கருவி கவனிக்கவில்லை என்றால் அதுவரை எடுத்த எண்கள் எதற்கும் பொருள் இல்லை.

மூன்றாவது சாத்தியம் அளப்பவரின் மனம். முந்தைய எண் நினைவில் இருக்கும்போது, இரண்டு கோடுகளுக்கு இடையில் நிற்கும் முள்ளை நாம் அந்த எண்ணுக்கே இழுத்துப் படிக்கிறோம். இதைக் கண்டுபிடிக்க ஓர் எளிய வழி உண்டு. கண்ணால் மதிப்பிட்ட கடைசி இலக்கங்களை மட்டும் பட்டியலிட்டு எண்ணிப் பாருங்கள். சுழியமும் ஐந்தும் அளவுக்கு மீறி வந்திருந்தால் அந்த இலக்கம் மதிப்பிடப்படவில்லை, ஊகிக்கப்பட்டிருக்கிறது. ஒருவர் படிக்க, அவருக்குப் பழைய எண்கள் தெரியாதபடி மற்றொருவர் எழுதுவது இதற்கு மருந்து.

அறிகுறி: எண்கள் ஒன்றோடொன்று நெருங்கியிருக்கின்றன, ஆனால் எல்லாம் ஒரே பக்கம் விலகியிருக்கின்றன

இது முறையான பிழை. இங்கே சராசரி எடுப்பது பயன் தராது. அதே விலகலை இன்னும் உறுதியாகச் சொல்லும், அவ்வளவுதான். இதன் காரணங்கள் பல என்பதால் ஒழுங்காகத் தேட வேண்டும்.

முதலில் சுழிப்பிழை. வெர்னியர் அளவியின் தாடைகளை மூடி, தராசை வெறுமையாக்கி, மின்னளவியின் முனைகளை ஒன்றாகச் சேர்த்து என்ன காட்டுகிறது என்று பாருங்கள். முள்ளைப் பக்கவாட்டிலிருந்து படிப்பதால் வரும் இடமாறு தோற்றப் பிழையும் இதே முகத்தோடு வரும். முள்ளுக்குப் பின்னால் கண்ணாடி பதித்த கருவிகளில் முள்ளும் அதன் பிம்பமும் ஒன்றி மறையும் இடத்திலிருந்து படித்தால் அது நீங்கும்.

சுழியத்தில் சரியாக நிற்கும் கருவியும் மேலே போகப் போக விலகலாம் என்பது பலர் மறக்கும் இடம். ஆகவே விலகல் மாறாத அளவா, விகிதமா என்று பிரித்தறிய வேண்டும். அதற்கு ஒரு புள்ளியில் சோதிப்பது போதாது. கரைசலின் அமிலத்தன்மையை அளக்கும் பி.எச். அளவியை, பி.எச். மதிப்பு 7 என்று மாறாமல் நிற்கும் தாங்கல் கரைசலில் மட்டும் சரிசெய்பவர் அதன் இடப்பெயர்ச்சியைத் திருத்துகிறார். மின்முனை முதுமையடைந்து அதன் சரிவு குறைந்திருந்தால் அது தெரியாமலே போகும். 25 டிகிரி செல்சியஸில் ஓர் அலகு பி.எச். மாற்றத்துக்கு ஏறத்தாழ 59 மில்லிவோல்ட் கிடைக்க வேண்டும். 4 அல்லது 10 கொண்ட இரண்டாவது கரைசல்தான் அதைச் சொல்லும். வெப்பமானிக்கும் பனிக்கட்டி நீர் ஒரு புள்ளி, கொதிநீர் இன்னொரு புள்ளி; கொதிநிலை வளிமண்டல அழுத்தத்தோடு மாறுவதால் அன்றைய அழுத்தத்துக்குரிய மதிப்பைக் கணக்கில் கொள்ள வேண்டும். பிப்பெட்டைச் சோதிக்க நீரை நிறுத்தாலே போதும். 20 டிகிரியில் 10 மி.லி. தூய நீரின் நிறை 9.98 கிராம்; காற்றின் மிதப்பு விசை காரணமாகத் தராசு சுமார் 9.97 என்று காட்டும். 10.00 கிராம் வரவில்லையே என்று பிப்பெட்டைக் குறைகூறுபவர்கள் இந்த இரண்டையும் கவனிப்பதில்லை.

கருவி சரியென்றால் முறையைப் பாருங்கள், இங்கே வரைபடம் பெரிய துணை. ஊசலின் நீளத்தைக் குண்டின் மையம் வரை அளக்காமல் அதன் மேற்புறம் வரை அளந்துவிட்டதாகக் கொள்வோம். குண்டின் ஆரம் 1 செ.மீ. ஒரே நீளத்தில் மட்டும் சோதனை செய்தால், ஒரு மீட்டரில் முடுக்கம் 1 சதவீதம் குறைவாகவும், 25 செ.மீ.யில் ஏறத்தாழ 4 சதவீதம் குறைவாகவும் வரும், காரணம் தெரியாது. பல நீளங்களில் அளந்து, அலைவு நேரத்தின் வர்க்கத்தை நீளத்துக்கு எதிராக வரைந்தால், நேர்கோடு ஆதிப்புள்ளி வழியே செல்லாமல் நீள அச்சைச் சுழியத்துக்கு 1 செ.மீ. முன்னால் வெட்டும். பிழையின் அளவும் காரணமும் அந்த வெட்டுப்புள்ளியிலேயே இருக்கின்றன. கோட்டின் சரிவோ பாதிக்கப்படாமல் சரியான முடுக்கத்தைத் தருகிறது. மாறாக, வீச்சு 30 டிகிரியாக இருந்தால் அலைவு நேரம் எல்லா நீளங்களிலும் சுமார் 1.7 சதவீதம் நீளும். கோடு ஆதிப்புள்ளி வழியே ஒழுங்காகச் செல்லும், சரிவு மட்டும் தவறாக இருக்கும். இதை வரைபடம் காட்டிக்கொடுக்காது. 5 டிகிரி வீச்சில் மீண்டும் செய்து பார்த்தால்தான் தெரியும்.

கடைசியாக, நீங்கள் அளக்காமல் பிறரிடமிருந்து எடுத்துக்கொண்ட எண்களைச் சோதியுங்கள். அமெரிக்க இயற்பியலர் மில்லிகன் தம் எண்ணெய்த் துளிச் சோதனையிலிருந்து 1913இல் வெளியிட்ட எலக்ட்ரானின் மின்னூட்டம், இன்றைய மதிப்பான 1.602 என்பதற்குப் பதிலாக 1.592 என்ற அளவில், கூலும் அலகில் பத்தின் மைனஸ் பத்தொன்பதாம் அடுக்கில், அரை சதவீதத்துக்குச் சற்று மேல் குறைவாக இருந்தது. அவர் பயன்படுத்திய காற்றின் பாகுநிலை மதிப்பு பிழையாக இருந்ததே இதற்கு முதன்மைக் காரணம். துளிகளை எத்தனை முறை கவனமாக அளந்திருந்தாலும் அது நீங்கியிருக்காது.

அறிகுறி: எண்கள் நேரத்தோடு ஒரே திசையில் நகர்கின்றன

வரிசையாக எழுதியவர்களுக்கு மட்டுமே இந்த அறிகுறி தெரியும். சராசரியும் திட்ட விலக்கமும் மட்டும் கணக்கிட்டவருக்கு இது சாதாரணச் சிதறல் போலத் தோன்றும். கருவி சூடேறி நிலைபெறுவதற்கு முன் தொடங்கிவிட்டதே மிகப் பொதுவான காரணம். அதை நீக்கிய பிறகும் நகர்ந்தால், பொருளே மாறுகிறதா என்று கேளுங்கள். சூட்டோடு தராசில் வைத்த மூசை (பொருளைச் சூடாக்கும் சிறு கிண்ணம்), அதைச் சுற்றி மேலெழும் காற்றோட்டத்தால் எடை குறைந்து தோன்றி, ஆற ஆற எடை கூடுவதுபோல் காட்டும். ஈரத்தை ஈர்க்கும் உப்பும் எடை கூடும். இரண்டையும் பிரித்தறிய, ஈரம் புகாத உலர்கலனில் அறை வெப்பநிலைக்கு ஆறவைத்து மீண்டும் நிறுங்கள். அப்போதும் எண் ஏறிக்கொண்டே இருந்தால் ஈரம்தான் காரணம்.

நகர்வை நீக்கவே முடியாத கருவிகளும் உண்டு. அப்போது அளக்கும் வரிசையை மாற்றினால் போதும். இரண்டு மாதிரிகளை ஒப்பிட வேண்டுமென்றால் முதலாவது, இரண்டாவது, இரண்டாவது, முதலாவது என்று சம இடைவெளியில் அளந்து சராசரி எடுத்தால், சீரான நகர்வு இரண்டுக்கும் சமமாகப் பங்கிடப்பட்டு வேறுபாட்டில் அற்றுப்போகும். காலையில் எல்லா முதல் மாதிரிகளையும், பிற்பகலில் எல்லா இரண்டாம் மாதிரிகளையும் அளப்பவர், மாதிரிகளின் வேறுபாட்டையும் அன்றைய வெப்பநிலை மாற்றத்தையும் ஒன்றாகக் கலந்துவிடுகிறார். அதன் பிறகு எந்தக் கணக்காலும் அவற்றைப் பிரிக்க முடியாது.

அறிகுறி: ஏறும்போது ஓர் எண், இறங்கும்போது வேறோர் எண்

திருகின் மரையில் உள்ள தளர்வு, உராய்வு, அல்லது பொருளின் காந்தத் தயக்கம் (காந்தப்புலம் மாறினாலும் பொருளின் காந்தத்தன்மை பின்தங்கி மாறுவது) ஆகியவற்றில் ஒன்று இதற்குக் காரணம். நகர்த்தும் நுண்ணோக்கியைப் போன்ற திருகுக் கருவிகளில் எப்போதும் ஒரே திசையில் திருகிக் குறியை அடையுங்கள்; தாண்டிவிட்டால் நன்றாகப் பின்வாங்கி மீண்டும் அதே திசையில் வாருங்கள். தயக்கம் பொருளின் இயல்பே என்றால் இரண்டு எண்களையும் தனித்தனியே எழுத வேண்டும், சராசரி எடுக்கக் கூடாது.

அறிகுறி: இரண்டு கருவிகள் அல்லது இரண்டு பேர் முரண்படுகிறார்கள்

முரண்பாடு உண்மையானதா என்பதை முதலில் கணக்கிடுங்கள். ஒருவர் 25.3 என்றும் மற்றவர் 25.7 என்றும், இருவருமே 0.2 நிச்சயமின்மையோடும் சொன்னால், வேறுபாட்டின் நிச்சயமின்மை இரண்டின் வர்க்கங்களைக் கூட்டி மூலம் எடுத்த 0.28, வேறுபாடோ 0.4. ஒன்றரை மடங்குக்கும் குறைவான இந்த விலகலில் சண்டையிட ஏதுமில்லை. நிச்சயமின்மை 0.05 ஆக இருந்திருந்தால் அதே 0.4 ஐந்தரை மடங்குக்கும் மேல். அப்போது யாரோ ஒருவரிடம், அல்லது இருவரிடமும், முறையான பிழை உண்டு.

உண்மையான முரண்பாடு என்றால், கருவியே அளக்கப்படுவதை மாற்றுகிறதா என்று பாருங்கள். 9 வோல்ட் மின்கலத்தின் குறுக்கே தொடராக இணைத்த இரண்டு 10 மெகாஓம் மின்தடைகளில் ஒன்றன் குறுக்கே 4.5 வோல்ட் இருக்க வேண்டும். உள்தடை 10 மெகாஓம் உள்ள சாதாரண மல்டிமீட்டர் அங்கே 3 வோல்ட் காட்டும். அளவியைக் குறைசொல்ல இயலாது. அதை இணைத்ததால் அந்த மின்தடை 5 மெகாஓம் ஆகிவிட்டது, அளவி அதை நேர்மையாகவே சொல்கிறது.

இங்கே ஓர் எச்சரிக்கையைச் சற்று விரிவாகச் சொல்லத் தோன்றுகிறது. முரண்படும் இரண்டில் நுட்பமான கருவி சொல்வதையே ஏற்பது இயல்பு. அது எப்போதும் சரியன்று. ஹபிள் விண்தொலைநோக்கியின் 2.4 மீட்டர் ஆடியைத் தேய்க்கும்போது பயன்படுத்திய முதன்மைச் சோதனைக் கருவியில் ஒரு வில்லை 1.3 மி.மீ. இடம் தவறிப் பொருத்தப்பட்டிருந்தது. அக்கருவியின் சொல்லைக் கேட்டு ஆடி மிக நுட்பமாக, ஆனால் தவறான வடிவில் தேய்க்கப்பட்டது. அதன் விளிம்பு ஏறத்தாழ 2.2 மைக்ரோமீட்டர் கூடுதலாகத் தட்டையாயிற்று. அவ்வளவு நுட்பமில்லாத வேறு சோதனைக் கருவிகள் குறையைக் காட்டவே செய்தன. நுட்பமான கருவியை எதிர்த்து அவற்றின் சொல் எடுபடவில்லை. 1990இல் ஏவப்பட்ட பிறகு படங்கள் மங்கலாக வந்தபோதுதான் உண்மை தெரிந்தது; 1993 டிசம்பரில் விண்வெளி வீரர்கள் சென்று திருத்தினார்கள். ஒரு மில்லிமீட்டர் விலகலைக் காட்டும் முரட்டுக் கருவியை, ஒரு மைக்ரோமீட்டர் காட்டும் கருவியைக் கொண்டு மறுக்க முடியாது. நுட்பம் வேறு, துல்லியத்தன்மை வேறு என்பது இங்கே ஏட்டு வேறுபாடு அன்று.

முரண்பாடு சில சமயம் இயற்கையிடமிருந்தே வரும். காற்றிலிருந்து பிரித்த நைட்ரஜன், வேதிச் சேர்மங்களிலிருந்து தயாரித்த நைட்ரஜனைவிட ஏறத்தாழ அரை சதவீதம் அடர்த்தி மிகுந்திருப்பதை ஆங்கிலேய இயற்பியலர் ரேலி கண்டார். இரண்டு வகையிலும் அவருடைய அளவீடுகளின் சிதறல் அந்த வேறுபாட்டைவிட மிகச் சிறியது என்பதால் அதை ஒதுக்க முடியவில்லை. ரேலியும் வேதியியலர் ராம்சேயும் தேடிப்போனதில், காற்றில் அதுவரை அறியப்படாதிருந்த ஆர்கான் வாயு 1894இல் கிடைத்தது. சிதறலைத் தெரிந்துவைத்திராத ஒருவர் இதே அரை சதவீதத்தைச் சராசரியில் கரைத்திருப்பார்.

அறிகுறி: ஓர் எண் மட்டும் தனித்து நிற்கிறது

முதலில் பதிவேட்டைப் பாருங்கள்: அந்த நேரத்தில் கதவு திறந்ததா, இலக்கம் இடம் மாறி எழுதப்பட்டதா? காரணம் கிடைத்தால் எண்ணை நீக்கலாம். கிடைக்காவிட்டால் டிக்சனின் கியூ சோதனை ஓரளவு உதவும். தனித்த எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் உள்ள இடைவெளியை மொத்த வீச்சால், அதாவது மிகப் பெரிய எண்ணுக்கும் மிகச் சிறிய எண்ணுக்கும் உள்ள வேறுபாட்டால், வகுக்க வேண்டும். 12.40, 12.41, 12.43, 12.44, 12.68 என்ற ஐந்தில் அது 0.24ஐ 0.28ஆல் வகுத்த 0.86. ஐந்து அளவீடுகளுக்கு 90 சதவீத நம்பகத்தில் எல்லை 0.642 என்பதால் 12.68ஐ ஒதுக்க இடமுண்டு. கடைசி எண் 12.50 ஆக இருந்திருந்தால் விகிதம் 0.60, கண்ணுக்கு உறுத்தினாலும் அதை வைத்திருக்க வேண்டும். இந்தச் சோதனையை ஒரு தொகுதியில் ஒருமுறை மட்டுமே செய்யலாம். ஒன்றை நீக்கி, மீண்டும் சோதித்து, அடுத்ததை நீக்கிக்கொண்டே போனால் எந்தத் தொகுதியையும் அழகாக்கிவிடலாம். ஐந்து எண்களோடு போராடுவதைவிட இன்னும் ஐந்து அளவீடுகள் எடுப்பதே எளிது.

அறிகுறி: விடையில் எட்டு இலக்கங்கள்

கணிப்பொறி தந்தவை அவை, கருவி தந்தவை அல்ல. நிச்சயமின்மையை ஒன்று அல்லது இரண்டு முக்கிய எண்ணுருக்களுக்குச் சுருக்கி, விடையை அதே இடத்தில் நிறுத்துங்கள். இடையில் உள்ள கணக்குகளில் மட்டும் சுருக்க வேண்டாம். எந்த அளவீட்டைச் செம்மைப்படுத்துவது என்பதையும் இதே கணக்கு சொல்லிவிடும்: உருளையின் விட்டத்தில் 2 சதவீதப் பிழை அடர்த்தியில் 4 சதவீதமாகும்போது, நிறையை நான்காம் தசம இடம் வரை நிறுப்பது வீண் வேலை.

அறிகுறி: எல்லாம் மிக நன்றாகப் பொருந்துகிறது

ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு திட்ட நிச்சயமின்மை அளவுக்குப் பிழைக்கோடு வரைந்திருந்தால், ஏறத்தாழ மூன்றில் ஒரு புள்ளியின் கோடு பொருத்திய நேர்கோட்டைத் தொடாமல் நிற்க வேண்டும். இருபது புள்ளிகளும் தொட்டுக்கொண்டு நின்றால் நிச்சயமின்மை மிகையாக மதிப்பிடப்பட்டிருக்கிறது, அல்லது பொருந்தாத புள்ளிகள் வழியில் உதிர்ந்திருக்கின்றன.

இரண்டாவதற்குக் காரணம் பெரும்பாலும் நேர்மையின்மை அன்று; எதிர்பாராத விடையை மட்டும் துருவித் தேடும் பழக்கம். 2011இல் ஓபெரா சோதனைக் குழுவுக்கு, 730 கி.மீ. கடந்த நியூட்ரினோ என்னும் நுண்துகள்கள் ஒளியைவிடச் சுமார் 60 நானோநொடி முந்தி வருவதாகத் தோன்றியது; அறிவித்த நிச்சயமின்மையோ 10 நானோநொடி அளவே. நம்ப முடியாத விடை என்பதால் விடாமல் தேடினார்கள். சரியாகப் பொருந்தாத ஓர் ஒளியிழை இணைப்பே காரணம் என்று 2012இல் அறிவித்தார்கள். அதே தளர்ந்த இணைப்பு எதிர்பார்த்த விடையைத் தந்திருந்தால் யாரும் அந்தக் கம்பியைத் தொட்டுக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். ஆகவே எத்தனை அளவீடுகள் எடுப்பது, எந்த விதியின்படி ஓர் எண்ணை ஒதுக்குவது, எந்தச் சோதனைகளை எல்லா விடைகளுக்கும் செய்வது என்பவற்றை முதல் அளவீட்டுக்கு முன்பே பதிவேட்டின் முதல் பக்கத்தில் எழுதித் தேதியிட்டு வைத்துவிடுங்கள்.